பாதரசத் துளி கண்ட பேராசிரியர்

நம் ஐதராபாத் நகரின் பெருமையைப் பேசத் தொடங்கினால் சார்மினாரும் கோல்கொண்டாவும் முன்னே வந்து நிற்கும். மருந்துத் தொழிற்சாலைகளைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டியதில்லை. ஆனால் உலகின் பல மூலைகளில் காய்ச்சலுக்கு விழுங்கும் மாத்திரை இந்நகரின் புறத்தே உருவானதாக இருக்கக்கூடும். அம்மாத்திரைகள் கப்பலேறிச் செல்கின்றன. கழுவிய நீர் இங்கேயே தங்கிவிடுகிறது. பட்டான்செருவில் இருந்த கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு ஏறக்குறைய 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவு வந்து சேர்ந்தது. அங்கே சுத்திகரித்து வெளியே விட்ட நீரை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். சிப்ரோபிளாக்சசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அந்நீரில் இருந்தது. மருந்தை உட்கொண்ட நோயாளியின் இரத்தத்தில் இருக்கும் அளவைவிட இது மிகுதி. சுத்திகரித்த நீரின் கதை இது!

நிறமில்லாமல் நீரில் கரைந்து கிடக்கும் ஒரு பொருளை இத்தனை மில்லிகிராம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இலக்கியம் பயிலும் சங்க நண்பர்கள் என்னிடம் பலமுறை கேட்ட கேள்வி இது. அஞ்ச வேண்டாம், விடை எளிதுதான். முதலில் நீரில் கலந்து கிடக்கும் பொருள்களைத் தனித்தனியே பிரிக்க வேண்டும். நுண்துகள் நிரப்பிய குழாயின் வழியே நீரைச் செலுத்தினால் சில பொருள்கள் விரைந்து ஓடும். சில துகள்களைப் பற்றிக்கொண்டு மெல்ல வரும். இதற்குத் திரவ குரோமட்டோகிராபி என்று பெயர். பின்னர், குழாயின் மறுமுனையில் ஒவ்வொன்றாக வெளிவரும் பொருளைக் கண்டுகொள்ள ஒரு காவலன் வேண்டும். ஸ்வீடன் நாட்டார் நிறுத்திய காவலன் கோடி ரூபாய் விலையுள்ள நிறைமானி. என்னைப் போன்ற ஆராய்ச்சி மாணவர்களின் மேசையில் நிற்பவன் ஏழைக் காவலன்: ஒரு சிறு மின்வாய். தன்மேல் படும் கரிமப் பொருளிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கியோ அதற்குக் கொடுத்தோ, அந்தக் கொடுக்கல் வாங்கலை மின்னோட்டமாகக் காட்டுவதே அவன் வேலை.

மின்னோட்டத்தைக் கொண்டு கரைசலுக்குள் இருப்பதை அளந்துவிடலாம் என்று உலகுக்குக் கற்பித்தவர்களில் தலையாயவர் யரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி. நோபல் பரிசு பெற்றவர். நம் பாடப்புத்தகங்களில் அரைப் பக்கம் பெற்றவர். அந்த அரைப் பக்கம் போதாது என்பது என் எண்ணம்.

ஹெய்ரோவ்ஸ்கி 1890ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் பிராக் நகரில் பிறந்தார். இன்று செக் நாட்டின் தலைநகராக விளங்கும் பிராக், அன்று ஆஸ்திரிய ஹங்கேரியப் பேரரசின் ஒரு நகரம். தந்தை லியோபோல்டு, சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ரோமானியச் சட்டம் கற்பித்த பேராசிரியர். யரோஸ்லாவ் அவருக்கு ஐந்தாவது குழந்தை. சட்டப் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இரசாயனத்திலும் பௌதிகத்திலும் நாட்டம் விழுந்தது. 1909இல் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஓராண்டு பயின்றார். மறு ஆண்டே லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குச் சென்றார். அங்கே சர் வில்லியம் ராம்சே கற்பித்துக்கொண்டிருந்தார். ஆர்கன், நியான் முதலிய வாயுக்களைக் கண்டவர் அவர். ஆயினும் ஹெய்ரோவ்ஸ்கியின் வாழ்வைத் திருப்பியவர், ராம்சேக்குப் பின் வந்த பேராசிரியர் டோனன். 1913இல் பட்டம் பெற்ற மாணவனிடம் அவர் ஒரு கணக்கை ஒப்படைத்தார். அலுமினியத்தின் மின்வாய் அழுத்தம் எவ்வளவு?

கேட்பதற்கு எளிய கேள்வி. அலுமினியத்தைக் காற்றில் வைத்தால் நொடியில் அதன்மேல் ஆக்சைடுப் படலம் மூடிக்கொள்ளும். நாம் அளப்பது உலோகத்தையா, அதன் போர்வையையா என்று தெரியாது. எத்தனை முறை தேய்த்தாலும் போர்வை மீண்டும் வரும். இதற்கு ஒரு வழி கண்டார்கள். அலுமினியத்தைப் பாதரசத்தில் கரைத்து, அக்கலவையை நுண்துளைக் கண்ணாடிக் குழாயின் வழியே துளித்துளியாக விழச் செய்வது. ஒரு துளி அழுக்கேறினால் என்ன? அது விழுந்துவிடும், அடுத்த துளி புத்தம் புதிதாகப் பிறக்கும். நண்பர்களே, இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இவர் வாழ்வின் எஞ்சிய ஐம்பது ஆண்டும் இந்தத் துளிக்குள்தான் அடங்கியிருக்கிறது.

1914இல் விடுமுறைக்கு வீடு திரும்பியிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. லண்டன் பகைவர் நகரமாகிவிட்டது. திரும்பிச் செல்ல வழியில்லை. இராணுவ மருத்துவமனையில் மருந்து கலப்பவராகவும் எக்ஸ்ரே படம் எடுப்பவராகவும் பணி கொடுத்தார்கள். கிடைத்த ஓய்வில் தம் அலுமினிய ஆராய்ச்சியை விடாது நடத்தி, 1918இல் பிராகில் டாக்டர் பட்டத் தேர்வுக்கு வந்து நின்றார்.

தேர்வாளர்களுள் ஒருவர் போகுமில் குச்சேரா என்னும் பௌதிகப் பேராசிரியர். அவருக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று இருந்தது. பாதரசத் துளிக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அதன் மேற்பரப்பு இழுவிசை மாறும். துளியின் எடையும் மாறும். துளிகளை எடைபோட்டு அவர் வரைந்த வளைகோடுகளில் எதிர்பாராத மேடுபள்ளங்கள் தோன்றின; காரணம் விளங்கவில்லை. தேர்வில் இதைப் பற்றியே கேள்வி எழுப்பினார். பிறகு, அந்தப் புதிரை நீரே எடுத்து ஆராயும் என்று ஹெய்ரோவ்ஸ்கியை அழைத்தார். வாய்மொழித் தேர்வு என்றால் நமக்கெல்லாம் வயிறு கலங்கும். ஒரு வாய்மொழித் தேர்வுக் கேள்வியிலிருந்து நோபல் பரிசு முளைத்த கதை வேறெங்கும் உண்டா என்று நான் அறியேன்.

குச்சேரா தந்த வேலை சலிப்பூட்டும் வேலை. மின்னழுத்தத்தைச் சிறிது மாற்ற வேண்டும். துளிகளைச் சேர்க்க வேண்டும். உலர்த்தி எடைபோட வேண்டும். மறுபடி அழுத்தத்தை மாற்ற வேண்டும். எடைக்குப் பதிலாகத் துளி விழும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்தார் ஹெய்ரோவ்ஸ்கி. மாதங்கள் ஓடின, பேராசிரியர் குச்சேராவும் 1921இல் காலமானார். புதிர் அவிழவில்லை. இறுதியில், துளியின் எடையை விட்டுவிட்டு, துளியின் வழியே பாயும் மின்னோட்டத்தையே அளந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நல்ல கால்வனோமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து இணைத்தார். 1922ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் அவர் குறிப்பேட்டில் எழுதிய எண்கள் படிக்கட்டாக எழுந்தன. மின்னழுத்தம் கூடக்கூட மின்னோட்டம் சிறிது நேரம் சமநிலையில் நிற்கும். ஓரிடத்தில் திடீரென ஏறும். மறுபடி சமமாக நிற்கும். எந்த அழுத்தத்தில் படி எழுகிறது என்பது கரைசலில் இருக்கும் பொருள் யாது என்று காட்டியது. படியின் உயரமோ அப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டியது. ஒரே கோட்டில் இரண்டு விடைகள்!

இந்தப் படிக்கட்டு ஏன் பிறர் கண்ணில் படவில்லை? பிளாட்டினக் கம்பியை வைத்து அளந்தவர்களின் மின்வாயில் முந்தைய சோதனையின் கசடு ஒட்டியிருந்தது. இன்று கண்டது நாளை மாறியது. பாதரசத் துளியோ சில விநாடிக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. லண்டனில் அலுமினியத்தை ஏமாற்றக் கற்ற வித்தை பிராகில் கைகொடுத்தது. பாதரசத்தின்மேல் ஹைட்ரஜன் எளிதில் எழுவதில்லை. ஆதலால் வேறு உலோகங்களில் எட்ட முடியாத எதிர்மின்னழுத்தம் வரை சென்று சோதிக்கவும் முடிந்தது.

ஒரு கோட்டைக் கையால் வரைய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இந்தத் தொல்லையைத் தீர்க்க உதவியவர் ஓர் ஆசியர் என்பது நாம் அறிந்து மகிழவேண்டிய செய்தி. ஜப்பானிலிருந்து வந்திருந்த மசுசோ சிகாட்டா, ஹெய்ரோவ்ஸ்கியோடு சேர்ந்து 1924இல் தானே கோடு வரையும் கருவியை அமைத்தார். மின்னழுத்தத்தை மாற்றும் உருளையும் புகைப்படத் தாள் சுற்றிய உருளையும் ஒன்றாகச் சுழலும். கால்வனோமீட்டரின் ஒளிப்புள்ளி தாளில் கோடு இழுக்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. அதற்குப் போலரோகிராப் என்று பெயரிட்டார்கள். வேதியியல் பகுப்பாய்வில் தானே எழுதும் கருவிகளுள் இது மிக முந்தியது.

சிகாட்டா இன்னொரு செயலும் செய்தார். என் துறைக்கு அதுவே பெரிது. அதுவரை ஈயம், துத்தநாகம், காட்மியம் என்று உலோகங்களையே துளி கண்டுவந்தது. சிகாட்டா நைட்ரோபென்சீனைக் கரைசலில் இட்டுப் பார்த்தார். துளி அதற்கும் எலக்ட்ரான்களைக் கொடுத்தது; படி எழுந்தது. 1925இல் வெளிவந்த அக்கட்டுரையோடு கரிமப் பொருள்களையும் மின்வாயால் அளக்கும் வழி திறந்தது. நைட்ரோபென்சீன் ஏதோ ஆய்வுக்கூடப் பொம்மைப் பொருள் அன்று. அதிலிருந்து அனிலீன், அனிலீனிலிருந்து சாயங்களும் மருந்துகளும் பிறக்கின்றன. சாயப்பட்டறைகளால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைத் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நன்கு அறிவார்கள். 2011இல் உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது முற்றியது.

1926இல் ஹெய்ரோவ்ஸ்கி சார்லஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பௌதிக இரசாயனப் பேராசிரியரானார். அதே ஆண்டில் மரியே என்னும் மங்கையை மணந்தார்; ஒரு மகள், ஒரு மகன். மகன் பிற்காலத்தில் தந்தையின் துறைக்கே வந்தார். 1929இல் வோட்டோச்செக் என்னும் பேராசிரியரோடு கூடி, செக் நாட்டு ஆராய்ச்சிகளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளியிடும் ஏடு ஒன்றைத் தொடங்கினார். சிறிய மொழியில் மட்டும் எழுதினால் பெரிய உலகம் படிக்காது என்று உணர்ந்த செயல் அது. தமிழில் விஞ்ஞானம் எழுத விழையும் நமக்கு இதில் சற்று யோசிக்க இடமுண்டு. அவர் தாய்மொழியில் எழுதுவதையும் விட்டுவிடவில்லை. 1922இல் அவருடைய கண்டுபிடிப்பு முதலில் வெளிவந்ததே செக் மொழியில்தான்.

பிறகு இருண்ட காலம் வந்தது. 1939ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இட்லரின் படை பிராகினுள் நுழைந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அவ்வாண்டு நவம்பர் 17ஆம் நாள் செக் பல்கலைக்கழகங்கள் அனைத்தையும் நாசிகள் இழுத்து மூடினார்கள். ஒன்பது பேரை விசாரணையின்றிக் கொன்றார்கள். 1200க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சிறைமுகாமுக்கு அனுப்பினார்கள். நவம்பர் 17ஐச் சர்வதேச மாணவர் தினம் என்று நாம் கொண்டாடுகிறோமே, அதன் காரணம் இதுதான். சங்கக் கூட்டத்தில் அன்று சிற்றுண்டி வழங்குவதோடு நிறுத்தாமல் இதையும் இரண்டு வார்த்தை சொன்னால் நல்லது.

பல்கலைக்கழகம் மூடிய பின் ஹெய்ரோவ்ஸ்கிக்கு வேலையேது? இங்கே ஒரு நல்ல மனிதர் குறுக்கிடுகிறார். பிராகின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த யோஹான் பெம், நாசிகளை வெறுத்த ஜெர்மானியர். அவர் தம் பொறுப்பைப் பயன்படுத்தி, ஹெய்ரோவ்ஸ்கி தம் ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றுமாறு பார்த்துக்கொண்டார். போர்க்காலம் முழுதும் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. போலரோகிராபி பற்றிய ஹெய்ரோவ்ஸ்கியின் பெருநூல் 1941இல் ஜெர்மன் மொழியில் வெளியாயிற்று. போர் முடிந்தபோது, மற்றவர்கள் வெளியே தள்ளப்பட்டிருக்க இவர் மட்டும் எப்படி உள்ளே இருந்தார் என்ற ஐயம் எழுந்தது. அது பின்னர் நீங்கியது. அந்த ஐயத்தை எழுப்பியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த நகரம் அது. ஆயினும் ஆய்வுக்கூடக் கதவைத் திறந்து வைத்திருந்த அந்த ஜெர்மானியரையும், உள்ளே சென்று வேலையைத் தொடர்ந்த செக் நாட்டவரையும் நான் குறைவாக எண்ணமாட்டேன்.

1950இல் பிராகில் போலரோகிராபிக்கென்றே ஒரு நிலையம் அமைந்தது. ஹெய்ரோவ்ஸ்கி அதன் தலைவரானார். நம் நாட்டிலும் மின்வேதியியலுக்கு அது நல்ல காலம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்து 1953ஆம் ஆண்டு பொங்கலன்று திறக்கப்பட்டது. சர் சி. வி. இராமன் தலைமையில் பெங்களூரில் இயங்கிய இந்திய விஞ்ஞானக் கழகம் 1955இல் ஹெய்ரோவ்ஸ்கியைக் கௌரவ உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. ஸ்டாக்ஹோம் சற்றுத் தாமதித்து, 1959இல் நோபல் பரிசு வழங்கியது. கண்டுபிடித்து 37 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்கு வயது 68.

மின்வாயும் குரோமட்டோகிராபியும் எங்கே கைகோத்தன என்று சொல்லவில்லையே! அதற்கு வார்சா நகரம் செல்ல வேண்டும். குரோமட்டோகிராபியைக் கண்டவர் மிகயில் சுவெட் என்னும் ருஷ்யத் தாவரவியலார். சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றிப் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டைகள் பிரிவதைக் கண்டு, 1903இல் வார்சாவில் அதைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். நிறமுள்ள பொருளாயின் கண்ணே காவலன். நிறமற்றதற்கு? அதே வார்சாவில் 1952இல் விக்டர் கெமுலா என்பவர் குழாயின் முனையில் ஹெய்ரோவ்ஸ்கியின் துளியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பிரிந்து வரும் ஒவ்வொரு பொருளுக்கும் மின்னோட்டம் ஒரு மேடு எழுப்பியது. இன்று உலகெங்கும் நடக்கும் திரவ குரோமட்டோகிராபி மின்வேதியியல் சோதனைகளுக்கு மூத்த அண்ணன் அதுவே.

ஹெய்ரோவ்ஸ்கி 1967ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள் பிராகில் மறைந்தார். அவர் மறைந்த பின் துளியின் இடத்தைக் கரி பிடித்துக்கொண்டது. அதற்குக் காரணம் உண்டு. பீனால், அனிலீன், பென்சிடின் முதலிய நச்சுப் பொருள்கள் பலவும் எலக்ட்ரானைக் கொடுக்கும் இனம். அவற்றிடமிருந்து எலக்ட்ரானை வாங்க வேண்டுமானால் மின்வாயை நேர்மின்னழுத்தத்துக்கு உயர்த்த வேண்டும். அந்த உயரத்தில் பாதரசமே கரைந்து போகும். கரியோ தாங்கும். 1973 அளவில் அமெரிக்காவில் ஆடம்ஸ், கிஸ்ஸிஞ்சர் ஆகியோர் கரிப்பசை மின்வாயைக் குழாய் முனையில் வைத்தார்கள். அவர்கள் தேடியது மூளையில் சுரக்கும் பொருள்களை. கருவி விரைவில் சாக்கடைக்கும் வந்து சேர்ந்தது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் விளைவிக்கும் பென்சிடினைக் கழிவுநீரில் தேட, அமெரிக்க அரசு வகுத்த 605ஆம் எண் முறை இந்தக் கருவியைத்தான் கேட்கிறது. பாதரசமும் ஒரு நஞ்சு என்பதை நாமும் கற்றோம். கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை அதற்குச் சான்று.

கரி வந்தது, துளியின் அரிய குணம் போயிற்று. என் மேசைமேல் நாள்தோறும் நிகழ்வது இது. பீனால் கரியின்மேல் எலக்ட்ரானைக் கொடுத்தபின் சும்மா போவதில்லை. ஒன்றோடொன்று பிணைந்து, கண்ணுக்குத் தெரியாத கோந்துப் படலமாக மின்வாயில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முறை அதே அளவு பீனாலைச் செலுத்தினால் மேடு சற்றுத் தாழ்ந்து எழும். அதற்கடுத்து இன்னும் தாழும். அலுமினியத்தின் போர்வை வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது! இந்தப் பொய் ஒரு பக்கமாகவே சாய்கிறது என்பதைக் கவனியுங்கள். மின்வாய் அழுக்கேறினால் நீர் தூய்மையாகத் தோன்றும். கழிவை விடுகிறவருக்கு அது ஆறுதல், குடிக்கிறவருக்கு அன்று. நம் நாட்டுக் குடிநீர்த் தர விதியில் பீனாலுக்கு விதித்த அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது பத்து லட்சம் லிட்டரில் ஒரு கிராம். நீரில் குளோரின் கலக்கும்போது பீனால் அதனோடு சேர்ந்து வாயில் வைக்க முடியாத நாற்றத்தையும் சுவையையும் உண்டாக்கும். இவ்வளவு கண்டிப்புக்கு அதுவும் ஒரு காரணம். இத்தனை சிறிய அளவில், மின்வாய் பத்தில் மூன்று பங்கு உணர்ச்சி இழந்தால் தகாத நீர் தகுந்த நீராகிவிடும்.

ஆகவே ஒவ்வொரு சில மாதிரிகளுக்கும் இடையே, அளவு தெரிந்த கரைசலைச் செலுத்திப் பார்க்கிறோம். மேடு தாழ்ந்திருந்தால் மின்வாயைக் கழற்றி அலுமினாத் தூளில் தேய்க்கிறோம். சில கருவிகளில் மின்னழுத்தத்தைச் சட்டென ஏற்றி இறக்கிப் படலத்தைக் கழற்றும் வழியும் உண்டு. தேய்க்கும் வேலையில் ஒரு பிற்பகல் போகும். அன்று விடுதியில் தேநீர் ஆறிப்போயிருக்கும். துளி தானே விழுந்து தானே பிறந்த காலத்தில் இந்த வேலை தேவைப்படவில்லை.

பிராகில் இன்றும் இதே தொல்லையோடு மல்லாடுகிறார்கள். ஹெய்ரோவ்ஸ்கியின் பெயரைத் தாங்கிய நிலையத்தில், வெள்ளியும் பாதரசமும் கலந்து இறுகிய திண்ம மின்வாய்களைச் செய்திருக்கிறார்கள். பாதரசம் ஓடிச் சிந்தாது. சிறு மின்துடிப்புகளால் மேற்பரப்பைப் புதுப்பித்துக்கொள்ளலாம். நைட்ரோ சேர்மங்களுக்கு நன்றாகப் பயன்படுகிறது. பீனாலுக்கு அது உதவாது. அதற்கு நாங்கள் இன்னும் கரியைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.